பாரிஜாதம் டாக்கீஸில் கடைசிப் பத்து நிமிடம்

முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் எந்தச் சினிமாவையும் கடைசி வரை பார்த்ததில்லை. படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மனைவி சாந்தாமணி எழுந்துவிடுவாள். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து தியேட்டர் நாலே ஸ்டேஷன் தூரம். ஒரு ரயிலை விட்டால் அடுத்தது உடனே வந்துவிடும். ஆனாலும் வில்லன் கத்தியை எடுக்கும் நேரத்தில் இவள் கைப்பையை எடுப்பாள். ஏன் என்று கேட்டால் "பழக்கம்" என்பாள். தனியாக உட்கார்ந்து மிச்சத்தைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

அந்தப் பழக்கம் சேலத்தில் பிடித்தது என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். கூட இருந்து மருந்து விட ஆள் வேண்டும் என்று இருவரும் கிளம்பினோம். எனக்குப் போக வர டிக்கெட், அவளுக்குப் போக மட்டும். "அம்மாவுக்குச் சரியானதும் வரேன்" என்றாள். எப்போது என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

அந்தப் "பாக்கலாம்" எனக்குப் பழக்கமானது. சோபாவை மாற்றலாமா என்று நான் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கும் பாக்கலாம்தான். மகன் கல்யாணமாகித் தனியே போய்விட்டான், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அவள் திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதற்கு வீட்டில் என்னைத் தவிர வேறு காரணம் இல்லை. என்னை நான் அவ்வளவு வலுவான காரணமாக நினைத்துக்கொண்டதும் இல்லை.

முதல் நாளே வயிற்றெரிச்சல் ஆரம்பித்துவிட்டது. மாமியார் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் புளோக்குக்காரர் காயப்போட்ட பனியன். உதவிக்கு வந்திருந்த சொந்தக்காரப் பெண்கள் மலையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். இருக்கிறவனுக்கு அருமை தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். இல்லாதவன் சொல்கிற ஆறுதல் அது.

விமானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் ஒருத்தி, வாசலில் செருப்பைக் கழற்றியவள் வேறொருத்தி. சிங்கப்பூரில் "வரேன்" என்பவள் இங்கே இறங்கிய அரை மணி நேரத்தில் "வாரேன்" என்றாள். "வீடு" "ஊடு" ஆனது. நடையில்கூட ஒரு வேகம் வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த மாமியார் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எளச்சுப் போயிட்டியே சாமி" என்றார். நான் ஐந்து கிலோ குறைந்திருந்தேன். அதை யாரும் தடவிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒரு கார் வந்து நின்றது. வெற்றிலைக் கட்டும் ஒரு பூவன் தாருமாக ஒருவர் இறங்கினார். வெயிலில் காய்ந்த நல்ல உயரமான ஆள், தோளில் பச்சைக்கரைத் துண்டு. சாந்தாமணி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. "வாங்க மாமா!" என்றாள்.

இவர்தான் குழந்தைவேல். மாமியாருடைய அண்ணன் மகன், அதாவது சாந்தாமணியின் முறைமாப்பிள்ளை. பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். வாலிபத்தில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. வண்டியோடு போனால் மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று ஊர் திரும்ப எட்டு மாதம் ஆகும். "ஊருல இல்லாதவனுக்குப் பொண்ணக் கொடுத்து நான் என்ன பண்ண" என்று மாமனார் அப்போது மறுத்துவிட்டாராம். மறுத்தவர் கடல் தாண்டி எனக்குக் கொடுத்தார். அந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை, ரிக்கோடு இருந்தார். மாமனார் காரியத்துக்கும் இல்லை. அதனால் இதுதான் முதல் சந்திப்பு. மனைவி தவறி மூன்று வருடம் ஆகிறதாம். பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் குடைந்து குடைந்து கேட்டேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நல்லா இருக்கறீங்களா?"

"அண்ணனா? உங்களுக்கும் எனக்கும் ஒரே வயசுதானே?"

"வயசு இல்லீங்ணா, முறை. இவளக் கட்டற முறை எனக்கு இருந்துச்சு. கட்டுனது நீங்க. அப்ப நாம ரெண்டு பேரும் பங்காளிங்க. அண்ணந் தம்பியாட்டத்தானுங்க" என்றார். சமையலறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமைப்படலாம் என்று பார்த்த ஆளை உறவுமுறை என் தம்பியாக்கிவிட்டது. சொந்தத் தம்பியை எப்படி முறைப்பது? அன்றைக்கு அவருக்கு வாழை இலையில் இரண்டு தடவை கோழிக்குழம்பு ஊற்றினாள். எனக்கு ஒரு தடவை. "உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னார்ல" என்று காரணமும் சொன்னாள்.

இரண்டாம் நாள் ஊர் சுற்றினோம். மாமியாருக்குக் காலை மருந்தை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு இல்லை. சாந்தாமணிக்கு இலவசச் சீட்டு, எனக்குக் காசு. ஊரே அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னை மட்டும் நடத்திக் கூட்டிப்போவதுபோல இருந்தது. கோட்டை மாரியம்மன் கோயிலில் வேப்பிலை வாசனையோடு நின்றோம். ஐந்து ரோட்டில் பாலத்துக்கு மேல் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். "இது நான் இருந்தப்போ கிடையாது" என்று அவள் குறைப்பட்டதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். அவளுக்கும் தெரியாத சேலம் கொஞ்சம் இருக்கிறது.

அந்தச் சந்தோஷம் தட்டுவடை செட்டு வரை நீடித்தது. ரோட்டோரத் தள்ளுவண்டியில் இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே கேரட், பீட்ரூட் துருவல், சட்னி வைத்து மூடி நீட்டுகிறார்கள். ஒரே வாயில் போட வேண்டும். நான் கடித்துச் சாப்பிட்டு, சட்னி சட்டையெல்லாம் வடிந்தது. கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அண்ணன் வெளியூருங்களா?" என்று சாந்தாமணியிடம் கேட்டார். "ஆமாங்க" என்றாள். முப்பது வருடம் குடித்தனம் செய்தவனை ஒரு வடைக்காக விட்டுக்கொடுத்தாள். எங்கள் ஊர்க் கோப்பிக்கடையில் முதன்முதலில் இவள் சாஸரில் ஊற்றிக் குடித்தபோது, "என் மனைவி, அப்படித்தான் குடிப்பாள்" என்று நான் சீனக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன்.

வண்டியைத் தாண்டித் திரும்பிய தெருவில்தான் அந்தத் தியேட்டர் இருந்தது. பாரிஜாதம் டாக்கீஸ். வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு நூல் வியாபாரி கட்டியதாம். முகப்பில் மூன்று வளைவு, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பில் செய்த ஒரு பூ. பக்கவாட்டில் தனியாக ஒரு படிக்கட்டு. அதன் சுவரில் "பெண்கள்" என்று பாதி அழிந்த எழுத்து. உள்ளே சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டிருக்கிற தியேட்டர்!

இங்கேதான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. சிங்கப்பூரில் நான் சின்ன வயதில் படம் பார்த்த தியேட்டர்களில் ஒன்றில் இப்போது ஜெபக்கூட்டம் நடக்கிறது. மற்றொன்று இருந்த இடத்தில் கைப்பேசி உறை விற்கிறார்கள். கழிப்பறையில்கூட ஏசி போட்டிருக்கிற எங்கள் ஊரால் ஒரு தியேட்டரைக் காப்பாற்ற முடியவில்லை. இவர்களோ கவனிக்காமலேயே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒருவர் சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

சாந்தாமணி போஸ்டரைப் பார்த்து நின்றுவிட்டாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஒரு வாரத்துக்கு மறுபடி போடுகிறார்கள். படத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன்.

"இதோட முடிவு எனக்குத் தெரியாது" என்றாள்.

"உனக்கு எந்தப் படத்தின் முடிவு தெரியும்?"

"எல்லாம் தெரியும். மாமா சொல்லுவாரு."

நடந்துகொண்டே கதை முழுக்க வந்தது. அவளுக்குப் பதினேழு, பதினெட்டு வயதிருக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்மாவும் சித்தியும் இவளும் இங்கே மத்தியானக் காட்சிக்கு வருவார்கள். படம் முடிய ஐந்து இருபது ஆகும். கொண்டப்பநாயக்கன்பட்டி பஸ் ஐந்தேகாலுக்கு. அதை விட்டால் விளக்கு வைத்த பிறகுதான் அடுத்தது. மாமனார் வாசலில் நிற்பார். அதனால் எல்லாப் படத்திலும் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும். குழந்தைவேல் அப்போது சேலத்தில் ரூம் எடுத்து ஐடிஐ படித்தார். இவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பப் போய் முடிவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சொல்வாராம்.

"என்னமா சொல்லுவாரு தெரியுமா? கண்ணு முன்னாடி படம் ஓடும்."

"அப்போ இந்தப் படம்?"

"இது பாத்த அன்னிக்கே மாமாவுக்கு ரிக்குல வேலை வந்துருச்சு. போயிட்டாரு. அப்புறம் நம்ம கல்யாணம்."

போனில் தட்டினால் இப்போது எந்தப் படத்தின் முடிவும் வந்துவிடும். ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "பாத்திருக்கலாம்" என்றாள். "பாக்கல."

முப்பது வருடமாக ஒருத்தி ஒரு முடிவைத் தெரிந்துகொள்ளாமல் பத்திரமாக வைத்திருக்கிறாள். யார் வந்து சொல்வதற்காக? மதியம் வந்த கொத்து பரோட்டாவை நான் தொடவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பாக்கலாம்" என்றேன். என்னத்தைப் பார்ப்பது என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள், மாமியாருக்கு மருந்து விடச் சொந்தக்காரப் பெண் ஒருத்தியை வைத்துவிட்டு, குழந்தைவேல் எங்களை அவர் கொடிக்காலுக்குக் கூட்டிப்போனார். காரில் முன் இருக்கையில் என்னை உட்கார வைத்து, வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிச் சாந்தாமணியோடு பேசினார். நாமக்கல் நெருங்கும்போது காரின் கிளட்ச் போய்விட்டது. மனதுக்குள் ஒரு சொட்டுத் தேன் விழுந்தது. அவருடைய காராவது என் பக்கம் இருக்கிறது.

தேன் அதிக நேரம் நிற்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு அவர் ரோட்டோரம் நின்று துண்டை ஒரு வீசு வீசினார். மூன்றாவது லாரி நின்றது. கரூர் பக்கம் போகிற முட்டை லாரி. டிரைவருக்கு அவரைத் தெரிந்திருந்தது. "அக்கா ஏறிக்கட்டுங்க. முட்டையும் ஒடையாம, அக்காவும் குலுங்காத மாதிரி ஓட்டறனுங்க" என்றார். நாங்கள் மூவரும் கேபினில் நெருக்கியடித்துக்கொண்டோம். எங்கள் ஊரில் வண்டி நின்றால் இன்சூரன்ஸ்காரனைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்பேன். துண்டை வீசினால் லாரி நிற்கிற ஊரில் இந்த மனிதர் வாழ்கிறார்.

நாமக்கல்லில் டிரைவர் டீ குடித்த நேரத்தில் ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு வந்தோம். ஒரே கல்லில் நிற்கிறார், தலைக்கு மேல் கூரை இல்லை. வெயிலும் மழையும் அவர் மேலேயே விழுகிறது. எதிரே இருக்கிற நரசிம்மரைப் பார்த்தபடி கைகூப்பி நிற்கிறார். இவரை ஒரு நாளும் எதுவும் உறுத்தியிருக்காது என்று தோன்றியது. வெண்ணெய் பிரசாதத்தைச் சாந்தாமணி மூன்றாகப் பங்கிட்டாள். யார் பங்கு பெரியது என்று பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பரமத்தி வேலூரில் கொடிக்காலைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஜேடர்பாளையம் அணைக்குப் போனோம். காவிரி அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. சாந்தாமணி புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு படியில் இறங்கித் தண்ணீரில் நின்றாள். நாங்கள் இருவரும் மேலே மீன் கடையில் உட்கார்ந்தோம். மிளகாய் தடவிய ஜிலேபி மீன் எண்ணெயில் பொரிந்தது. கடைக்காரப் பெண், "அண்ணந் தம்பிங்களா? சாடை இருக்குது" என்றார். "ஆமாங்க" என்றார் குழந்தைவேல், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். முடியவில்லை. "நீங்கள் சொன்ன முடிவுகளைப் பற்றித்தான் நேற்று முழுக்கப் பேச்சு" என்றேன்.

அவர் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். தண்ணீரில் நிற்பவளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அண்ணா, ஒண்ணு சொல்றன். அவகிட்டச் சொல்லிப்புடாதீங்க. ஒரு படத்தோட முடிவையும் நான் பாத்ததில்லீங்க."

"என்னது?"

"எப்படிங்க பாக்கறது? அஞ்சேகால் பஸ்ஸுல எப்பவும் கூட்டம். பொம்பளைங்க மூணு பேத்துக்கும் சீட்டு வேணும். இவிய எந்திரிக்கறதுக்கு மின்னாடியே நான் ஓடிப்போயி, சன்னல் வழியாத் துண்டப் போட்டு எடம் புடிச்சு வெக்கோணும். ஏத்தி உட்டுப்போட்டுத் திரும்பி வந்தா, படம் உட்டுச் சனம் வெளிய வந்துட்டிருக்கும்."

"அப்புறம் எப்படிச் சொன்னீர்கள்?"

"வர்ற சனத்தோட மூஞ்சியப் பாப்பனுங்க. கண்ணத் தொடச்சிட்டு வந்தா ஒரு முடிவு. சிரிச்சுட்டு வந்தா ஒரு முடிவு. மிச்சத்த நானே யோசிச்சுக்குவன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "அதையும் ஒரே தடவைல சொல்லிற மாட்டனுங்க. பாதி இந்த ஞாயித்துக்கெழம, மீதி அடுத்த ஞாயித்துக்கெழம. கதைல ஒரு முடிச்ச அவுக்காம வெச்சுட்டா, எப்ப வருவான்னு வாசல்லயே நின்னுட்டிருப்பாங்கண்ணா."

யார் நின்றுகொண்டிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. "இந்தப் படம்?" என்றேன்.

"அன்னிக்கு மூஞ்சியப் பாக்கக்கூட நேரமில்லீங்க. ரிக்கு கெளம்பிருச்சு. அப்பறமும் பாக்கல. சொல்ற எடத்துல நான் இல்லீங்களே, பாத்து என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு மீன் சொன்னார்.

நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிந்தது. ஆனால் கையில் இப்போது ஒரு ஆயுதம் கிடைத்துவிட்டது. உன் மாமா சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வரியைப் பைக்குள் வைத்துக்கொண்டு நான்காம் நாளுக்காகக் காத்திருந்தேன். நான்காம் நாள் மூவரும் அந்தப் படத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஐந்தாம் நாள் காலையில் நான் கிளம்ப வேண்டும்.

கார் இன்னும் மெக்கானிக் கடையில் கிடந்ததால் டவுன் பஸ்ஸிலேயே தியேட்டருக்குப் போனோம். பாரிஜாதத்தின் உள்ளே உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பிகளில் விசிறிகள் தொங்கின. திரைக்கு முன்னால் பழைய நாடக மேடை அப்படியே இருந்தது. அரங்கின் நடுவே தரையில் ஒரு முழ அகலத்துக்கு வேறு நிறக் கோடு. அங்கே இடுப்பளவுச் சுவர் இருந்ததாம். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். சுவரை இடித்துப் பல வருடம் ஆகிறது.

சாந்தாமணி உள்ளே நுழைந்தாள், கோட்டைத் தாண்டினாள், அந்தப் பக்கம் நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். யோசிக்கவே இல்லை. குழந்தைவேலும் யோசிக்காமல் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். இல்லாத சுவருக்கு இந்தப் பக்கம் நானும் பங்காளியும், அந்தப் பக்கம் என் மனைவி. அரங்கில் மொத்தம் இருபது பேர்கூட இல்லை. ஆனாலும் வந்த பெண்களில் வயதானவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே போனார்கள். முப்பது வருடமாகத் தியேட்டரில் என் முழங்கையோடு முழங்கை இடித்தபடி உட்கார்ந்தவளை அன்றைக்குத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் வெளியே டீயும் முறுக்கும். "என்ன படம் எடுத்து என்ன? மாமா சொன்ன மாதிரி ஒரு முடிவு எந்தப் படத்துலயும் வராது" என்றாள். அந்த ஒரு வரி என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குழந்தைவேல் டீ கிளாஸைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் என்னிடம் கெஞ்சவில்லை, கண்ணால்கூடக் கேட்கவில்லை. சொல்லியிருப்பேன். ஆனால் அவள் முறுக்கை உடைத்துப் பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் பாதியில் கதாநாயகி புருஷனை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கடைசியில் ஒரு சின்ன ரயில் நிலையம். டிரங்குப் பெட்டியோடு பிளாட்பாரத்தில் நிற்கிறாள். அந்த ரயில் புருஷன் ஊருக்குப் போகிற ரயில். தூரத்தில் புகை தெரிகிறது. ஏறுவாளா, வீட்டுக்கே திரும்பிவிடுவாளா என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. படத்துக்காக மட்டும் அடித்துக்கொண்டது என்று சொல்ல மாட்டேன்.

சரியாக அப்போது பக்கத்து நாற்காலி காலியானது. குழந்தைவேல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஐந்தேகால் பஸ்ஸில் இடம் பிடிக்க. இந்த வயதில்! அந்தப் பக்கம் சாந்தாமணியும் கைப்பையை எடுத்துவிட்டாள். ஆறு மணிக்கு மாமியாருக்குக் கண் மருந்து விட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மருந்து இல்லாவிட்டாலும் எழுந்திருப்பாள். நானும் வழக்கம்போல எழுந்தேன்.

அவள் கோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். தோளை அழுத்தி உட்கார வைத்தாள். குனிந்து காதில் சொன்னாள். "நீங்க இருங்க. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

என்னிடம்தான் சொன்னாள். நான் இருட்டில் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டேன், வேறு யாரிடமாவது சொன்னாளோ என்று.

ஆக, கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்தேன். ரயில் வந்தது, நின்றது. அதற்கு மேல் நடந்ததை எழுத மாட்டேன். விளக்கு போட்டதும் எழுந்து வேகமாக வெளியே வந்தேன். வந்தவன் பஸ்ஸை நோக்கிப் போகாமல் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் இருந்த குழாயடிக்குப் போய் முகத்தை நன்றாகக் கழுவினேன். துடைக்காமல் ஈரத்தோடு நடந்தேன். மூஞ்சியைப் பார்த்து முடிவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பஸ் பக்கத்தில் நிற்கிறார் அல்லவா?

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் சாந்தாமணி. பக்கத்து இருக்கையில் பச்சைக்கரைத் துண்டு எனக்காகக் கிடந்தது. குழந்தைவேல் வாசலில் ஒரு காலை வைத்து, "ஏனுங், இன்னும் ஒராளு வருதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கண்டக்டரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் சொட்டியது.

"என்னாச்சு? ஏறுனாளா?" என்றாள்.

அன்று வரை நான் எந்தப் பேச்சையும் அவ்வளவு நிதானமாகப் பேசியதில்லை. "அதை நீ சிங்கப்பூருக்கு வந்ததும் சொல்கிறேன்" என்றேன்.

குழந்தைவேல் சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. "என்னங்க இது, சின்னப் பசங்களாட்டம்!" என்றாள். கொண்டப்பநாயக்கன்பட்டி வரை எனக்கு எடுத்த டிக்கெட்டை வாங்கி நாலாக மடித்து, எட்டாக மடித்து, ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் காலை, சரியான கிளட்ச்சோடு பங்காளியின் கார் என்னை ஏற்றிக்கொண்டது. சாந்தாமணி கதவின் மேல் கை வைத்துக் குனிந்தாள். "எல்லாம் வேண்டாம். ஏறுனாளா இல்லையா, அது ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"பாக்கலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. எதிர் புளோக்குக்காரரின் பனியன் அப்படியே இருக்கிறது. முதல் வாரம், அம்மாவுக்குக் கண் தெளிவாகத் தெரிகிறது என்று செய்தி வந்தது. இரண்டாம் வாரம், மாமா மாம்பழம் கொண்டுவந்தார் என்று வந்தது. அந்த மாம்பழத்தின் படம்கூட வந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் பச்சைக்கரைத் துண்டு தெரிந்தது. அன்றிரவு சாப்பிடவில்லை. போனில் நாலு தட்டுத் தட்டினால் அந்த முடிவு அவளுக்கு வந்துவிடும். என்னுடைய ஆயுதம் அவ்வளவு லேசானது. தினமும் காலையில், "பாத்துட்டேன்" என்று வந்திருக்கிறதா என்று பயந்துகொண்டேதான் போனை எடுத்தேன். வரவில்லை. முப்பது வருடம் குழந்தைவேலுக்காக அவள் காத்த முடிவை இப்போது எனக்காகக் காக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கக் காசா பணமா?

நேற்றுக் காலை ஒரே ஒரு சொல் வந்து கிடந்தது. "வரேன்" இல்லை. "வாரேன்." கீழே வியாழக்கிழமை விமானத்தின் டிக்கெட்.

பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஆள்தான் டைப் அடித்துக் கொடுத்தாரோ என்று கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன். அப்புறம் சோபாவைத் துடைத்தேன்.

படத்தின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். யாராவது அவளிடம் போட்டு உடைத்துவிடுவீர்கள். வியாழக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரிஜாதத்தில் பார்த்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. அவளிடம் சொல்ல வேறொரு முடிவை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாதி தயாராகிவிட்டது. மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.